பூட்டைப் பிடித்திருப்பவர் யார்?

மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு செல்லும் ரயில்களே இன்றைய கோலார் தங்கவயலின் சுரங்கவாயில்கள். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கைக்கொண்டு வளர்த்த சுரங்கத்தொழில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் முடிவுக்கு வந்தது. பாட்டனார் சாம்பியன் ரீஃபில் கூண்டேறி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினார். பேரரும் பேத்தியும் விடியலுக்கு முன் ரயிலேறி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து வேலைக்குப் போகின்றனர். அவர்களுள் ஒரு சாராரின் வேலை, பிறர் எழுதிய மென்பொருள் இரவில் உறைந்துபோகும்போது அதை மீண்டும் நடக்கச் செய்வது. அதற்காக அவர்கள் கையில் கொடுக்கப்படும் நடைமுறைக் குறிப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் உயிருள்ள சொல்: ரீஸ்டார்ட்.

இச்சொல்லுக்கு எதிரானதே இப்பதிவு. ரீஸ்டார்ட் செய்வது தவறு என்பதன்று வாதம். ஒன்றையும் பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்வதை ஒரு தொழில்நெறியாக ஆக்கியதும், பார்ப்பதற்குக் கற்றுத்தரும் கடமையைப் பல்கலைக்கழகங்கள் கைவிட்டதும் தவறு என்பதே வாதம்.

லினக்ஸ் சர்வர்களில் மெய்நிகர் கணினிகளை மேலாளும் மென்பொருள்களில் முதன்மையானது லிப்வர்ட். 2005இல் ரெட் ஹேட் நிறுவனத்தின் டேனியல் வெய்யார் தொடங்கிவைத்தது. கியூஎமு, கேவிஎம் ஆகியவற்றின் மேல் அமர்ந்து, மெய்நிகர் கணினியைத் தொடங்கு, நிறுத்து, வேறு சர்வருக்கு இடம்பெயர்த்து என்னும் ஆணைகளை வாங்கி நிறைவேற்றுவது. ஓபன்ஸ்டாக் போன்ற பெரிய மேகக்கணிமை அமைப்புகளும் அடியில் இதைத்தான் நம்பியிருக்கின்றன. இதனோடு பழகிய எவரும் ஒரு பிழைச்செய்தியை மறக்க இயலாது. 'டைம்டு அவுட் டியூரிங் ஆப்பரேஷன்: கேன்னாட் அக்வயர் ஸ்டேட் சேஞ்ச் லாக்.' அதாவது, நிலைமாற்றப் பூட்டைப் பெற முடியவில்லை, காலக்கெடு கடந்துவிட்டது. அந்தக் காலக்கெடு 30 நொடி. மூல நிரலில் ஒரு மாறிலியாக எழுதப்பட்ட எண் அது, இயற்கை விதியன்று.

பூட்டு ஏன் வேண்டும் என்பதை ரயில்வழியே விளக்குவது எளிது. ஒற்றைத்தடப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வரக்கூடாது என்பதற்காக ஓட்டுநரிடம் ஒரு டோக்கனைக் கொடுத்தனுப்பும் முறை இந்திய ரயில்வேயில் நெடுங்காலம் இருந்தது. டோக்கன் கையில் இருப்பவர் மட்டுமே செல்லலாம். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்தபின்னரே மற்றொருவர். லிப்வர்ட்டிலும் ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் இத்தகைய டோக்கன் ஒன்று உண்டு. அதற்கு ஜாப் என்று பெயர். உள்ளே மியூட்டெக்ஸ் என்னும் குறுகியகாலப் பூட்டும் தனியே இருக்கிறது. கியூஎமுவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு விடைக்குக் காத்திருக்கும் செயலிழை மியூட்டெக்ஸை விட்டுவிடும், ஜாபை விடாது. காத்திருக்கும் வேளையில் பிறர் எட்டிப் பார்க்கலாம். எதையும் மாற்றவோ கியூஎமுவிடம் புதிதாகக் கேட்கவோ கூடாது என்பதே இதன் பொருள். நேர்த்தியான வடிவமைப்பு என்றே சொல்லவேண்டும். குறை பூட்டில் இல்லை.

குறை எங்கே என்பதை ஒரு மாணவரால் ஒரு மடிக்கணினியில், பத்து நிமிடத்தில், ஒரு பைசா செலவின்றிக் கண்டறிய முடியும். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியின் கியூஎமு செயல்முறைக்கு 'ஸ்டாப்' சிக்னலை அனுப்பவேண்டும். அது அசையாமல் நிற்கும். பிறகு அதன் நினைவகக் கணக்கைக் கேட்கும் ஆணையை ஒரு முனையத்தில் இடவேண்டும். விடை வராது, பிழையும் வராது. முப்பது நொடி கழித்தும் வராது. முந்நூறு நொடி கழித்தும் வராது. இப்போது இரண்டாவது முனையத்தில் அதே ஆணையை இட்டால், சரியாக 30 நொடியில் மேற்சொன்ன பிழைச்செய்தி வந்து விழும். 'கன்டினியூ' சிக்னலை அனுப்பியதும், முதலாமவர் எதுவுமே நடவாததுபோல் விடை பெறுவார்.

இச்சோதனை காட்டுவது மிக எளிய, மிக ஆழமான ஓர் உண்மை. பிழைச்செய்தி வந்தவரிடம் பிழை இல்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பவருக்குச் செய்தியே வருவதில்லை. ஏனெனில் கியூஎமுவின் விடைக்கான காத்திருப்புக்குக் காலக்கெடு வைக்கப்படவில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்தான் முறையிடுகிறார். காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே வைப்பதற்கு ஒப்பானது, காலக்கெடுச் செய்தியைக் கொடுத்த ஆணையை ஆராய்ந்துகொண்டிருப்பது. எத்தனையோ இரவுகள் இப்படித்தான் வீணாகின்றன.

முறையீட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதே சேவையின் பதிவேட்டில் வேறொரு வரி காத்திருக்கிறது. இந்தக் கணினிக்கு இன்ன பணியைத் தொடங்க முடியவில்லை, இப்போதைய பணி இன்னது, அதைப் பிடித்திருக்கும் இழையின் எண் இது, இத்தனை நொடிகளாகப் பிடித்திருக்கிறது என்று அந்த வரி சொல்கிறது. உரிமையாளரின் பெயரும் முகவரியும் அவர் எத்தனை நேரமாக உள்ளே இருக்கிறார் என்பதும் ஒரே வரியில். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஜிடிபியை ஓடும் சேவையோடு இணைத்து, எல்லா இழைகளின் அழைப்புத் தடத்தையும் எடுத்தால், குறிப்பிட்ட இழை எந்தச் செயற்கூற்றுக்குள் நிற்கிறது என்பது தெரியும். கியூஎமுவுக்குச் செய்தி அனுப்பும் செயற்கூற்றுக்குள் நின்றால், தேடல் லிப்வர்ட்டை விட்டு வெளியேறிக் கியூஎமுவுக்குள் இறங்கவேண்டும். அங்கே முதன்மை இழை உட்கருவுக்குள் 'டி' என்னும் நிலையில், எந்தச் சிக்னலாலும் எழுப்ப இயலாத உறக்கத்தில் இருக்கலாம். பிராக் கோப்பமைப்பில் அந்த இழையின் அடுக்கைப் பார்த்தால் என்எஃப்எஸ் என்னும் எழுத்துகள் தென்படலாம். அப்படியாயின் குற்றம் இந்தச் சர்வரிலேயே இல்லை. வலையின் மறுமுனையில் சேமிப்பகம் ஒன்று மௌனமாகிவிட்டது. 'ஹார்டு' முறையில் இணைக்கப்பட்ட என்எஃப்எஸ் முடிவின்றிக் காத்திருக்கிறது. உட்கரு 120 நொடிக்குப் பின் தன் பதிவேட்டில் அதை எழுதியும் வைத்திருக்கும், படிப்பார் இல்லாமல்.

முறையீடு எழுந்த இடத்திற்கும் பிழையின் இருப்பிடத்திற்கும் இடையே நான்கு அடுக்குகள். இவற்றை ஒவ்வொன்றாக இறங்கிப் பார்க்கும் செயலுக்குத்தான் பிழைநீக்கம் என்று பெயர். ரீஸ்டார்ட்டுக்கு அப்பெயர் பொருந்தாது.

இந்நிலையில் ரீஸ்டார்ட் என்ன செய்யும்? லிப்வர்ட் சேவையை நிறுத்தித் தொடங்கினால் மெய்நிகர் கணினிகள் சாவதில்லை. கியூஎமு தனிச் செயல்முறை என்பதால் அது பாட்டுக்கு இருக்கும். புதிதாக எழுந்த சேவை பழைய கியூஎமுவைத் தேடிச்சென்று மீண்டும் இணைய முயலும். அதே மௌனத்தின் முன் மீண்டும் நிற்கும். சரி, மெய்நிகர் கணினியையே கொன்றுவிடலாம் என்றால், 'டி' நிலையில் உள்ளதைக் கில் ஆணையும் கொல்லாது. இடையில் நடந்தது ஒன்றுதான்: யார், எதற்காக, எத்தனை நொடியாகப் பிடித்திருந்தார் என்ற சாட்சியம் நினைவகத்தோடு அழிந்துபோயிற்று.

இதைவிடக் கேடானது, எண்களைப் பெரிதாக்கும் வைத்தியம். லிப்வர்ட்டில் ஆணைகளை நிறைவேற்றும் வேலையிழைகள் இயல்பாக 20 வரை மட்டுமே. ஒரு கண்காணிப்பு நிரல் ஒவ்வொரு மெய்நிகர் கணினியின் நிலையையும் 10 நொடிக்கொருமுறை தனித்தனி இணைப்பில் கேட்பதாகக் கொள்வோம். உறைந்த கணினி ஒன்றாயின், 30 நொடிக் காத்திருப்பில் எந்நேரமும் மூன்று வேலையிழைகள் அதன் வாயிலில் நிற்கும். சேமிப்பகம் மௌனமானதால் ஒரே சர்வரில் ஏழு கணினிகள் உறைந்தால், மூவேழ் இருபத்தொன்று. இருபது இழைகளும் தீர்ந்தன. இனி நலமாக ஓடும் எட்டாவது கணினியைப் பற்றிக் கேட்டாலும் விடை வராது. கணினிகளின் பட்டியலைக் கேட்டாலே முனையம் உறையும். ஏழின் நோய் எல்லாவற்றின் நோயாகிவிட்டது. இப்போது ஒருவர் வந்து இருபதை இருநூறாக்குவார். நின்றவர்கள் நிற்க இடம் கிடைத்ததே ஒழிய, டோக்கன் ஒன்றுதான், அதைப் பிடித்திருப்பவரும் அவரேதான். லிப்வர்ட்டை எழுதியோர் இதை அறிந்தே, கொல்லும் ஆணை போன்ற சிலவற்றுக்கெனத் தனியாக ஐந்து முன்னுரிமை இழைகளை வைத்தனர். பின்னர், பூட்டியிருந்தால் காத்திராமல் கிடைத்ததைக் கொடு என்று புள்ளிவிவரம் கேட்கும் வழியையும் சேர்த்தனர். காத்திருப்பை நீட்டுவதைவிட, காத்திருக்கத் தேவையில்லாதவரை வரிசையிலிருந்து விலக்குவது என்ற சிந்தனை அது. ஒரு தடத்தைப் படித்தவரால் மட்டுமே அச்சிந்தனைக்கு வரமுடியும்.

தங்கவயலாருக்கு இத்தகைய தேடல் புதிதன்று. ஆழச் சுரங்கங்களில் பாறை தன் அழுத்தம் தாளாமல் திடீரென வெடிப்பதை அங்கே 'ஏர் பிளாஸ்ட்' என்றழைத்தனர். வீட்டுப் பாத்திரம் அதிரும். எங்கே வெடித்தது என்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது. அதிர்வை உணர்ந்த இடம் வேறு, வெடித்த இடம் வேறு. அதனால்தான் நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டன. ஒரே அதிர்வு ஒவ்வொரு கருவியையும் எத்தனை நேர வேறுபாட்டில் அடைந்தது என்று ஒப்பிட்டு, வெடிப்பின் இருப்பிடம் கணிக்கப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கப்பட்டதற்கும் இந்த அறிவுத்தேவையே பின்னணி. இடிபாட்டை அள்ளிவிட்டு அடுத்த ஷிஃப்டை இறக்குவதோடு வேலை முடிந்தது என்று கருதியிருந்தால் ஒரு கருவிக்கும் தேவை இருந்திராது. (அதே சுரங்க ஆழத்தில்தான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் உலகிலேயே முதன்முதலாகப் பதிவானவற்றுள் ஒன்று பதிவாயிற்று. எப்போதோ ஒருமுறை வரும் ஒன்றுக்காகக் கருவியை விழிப்பாக வைத்திருக்கும் பொறுமைக்கு அந்த ஊரில் வரலாறு உண்டு.)

கணினித்துறையிலும் அத்தகைய வரலாறு உண்டு. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்பத் தானே ரீசெட் ஆயிற்று. முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு மியூட்டெக்ஸைப் பிடித்திருந்தது. முன்னுரிமை மிகுந்த பணி அதற்காகக் காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமைப் பணிகள் புகுந்து, பிடித்திருந்தவரை விடுவிக்கவிடாமல் ஓடின. காலக்கெடு தவறியதைக் கண்ட காவல்நிரல் முழுக் கணினியையும் ரீசெட் செய்தது. ரீஸ்டார்ட் அங்கே கலத்தை உயிரோடு வைத்தது; மறுப்பதற்கில்லை. ஆயினும் மருந்து அதிலிருந்து வரவில்லை. பூமியிலிருந்த மாதிரிக் கணினியில் தடப்பதிவை இயக்கி, அதே உறைவை மீண்டும் உண்டாக்கிப் பார்த்த பொறியாளர்கள்தான் காரணத்தைக் கண்டனர். முன்னுரிமை மரபுரிமை என்னும் அமைப்பை அந்த மியூட்டெக்ஸுக்கு இயக்கியதும் நோய் தீர்ந்தது. அம்முறையை முறையாக ஆராய்ந்து 1990இல் கட்டுரை எழுதிய மூவர் லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி. இவர்களுள் ராஜ்குமார் கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். பூட்டைப் பற்றிய சிந்தனை ஆய்வாகாது, பராமரிப்பு வேலை என்று முகம் சுளிக்கும் பேராசிரியர்கள் இப்பெயரை ஒருமுறை நினைவுகூரலாம்.

ஏனெனில் முகச்சுளிப்புதான் உண்மையான நோய். விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாயினும் அண்ணா பல்கலைக்கழகமாயினும், இயங்குதளப் பாடத்தில் டெட்லாக் பற்றி ஓர் அலகு உண்டு. 1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி மூவரும் தொகுத்துரைத்த நான்கு நிபந்தனைகளை மாணவர் மனப்பாடம் செய்வர். டைக்ஸ்ட்ராவின் வங்கியாளர் வழிமுறையை ஆய்வகத்தில் சி மொழியில் எழுதுவர். அட்டவணை கொடுக்கப்படும், பாதுகாப்பான வரிசை வரும், மதிப்பெண் விழும். மேலே கண்ட உறைவில் இந்த நான்கு நிபந்தனைகளும் கூடியிருந்தனவா? இல்லை. வட்டக் காத்திருப்பு அங்கே கிடையவே கிடையாது. ஒருவர் பூட்டைப் பிடித்துக்கொண்டு, பூட்டுகளின் உலகத்துக்கே வெளியில் உள்ள ஒன்றுக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவே. பாடநூலின் இலக்கணப்படி அது டெட்லாக்கே அன்று. ஆகவே அதற்குப் பாடத்தில் பெயர் இல்லை; பெயர் இல்லாததற்குப் பயிற்சியும் இல்லை. லிப்வர்ட் போன்ற மென்பொருளில் இருவர் மாறிமாறிப் பூட்டும் அசல் டெட்லாக்குகளும் அவ்வப்போது கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. பூட்டும் வரிசையை ஓடும்போதே சரிபார்க்கும் லாக்டெப் என்னும் கருவி 2006இலேயே லினக்ஸ் உட்கருவில் சேர்ந்துவிட்டது. அதன் வெளியீட்டை ஒருமுறையேனும் கண்ணால் கண்டபின் பட்டம் பெறும் மாணவர் அரிது.

முனைவர் பட்ட ஆய்வுகளின் நிலை இன்னும் வேடிக்கை. மெய்நிகர் கணினிகளை இடம்பெயர்ப்பதற்கான 'உகந்த' வழிமுறைகளை எறும்பிடமிருந்தும் தேனீயிடமிருந்தும் வௌவாலிடமிருந்தும் கடன்வாங்கிய கட்டுரைகள் குவிந்துகிடக்கின்றன. பெரும்பாலானவை கிளவுட்சிம் என்னும் போன்மி நிரலில் ஓட்டிப் பார்க்கப்பட்டவை. கருவியின் மேல் குறையில்லை. அது செய்யச் சொன்னதைச் செய்கிறது. ஆனால் அந்த உலகில் ஆணையிட்டதும் கணினி இடம்பெயர்கிறது. அங்கே ஜாப் இல்லை, மௌனமான சேமிப்பகம் இல்லை, இருபது இழைகளின் வரம்பு இல்லை. உண்மையான லிப்வர்ட்டில் இடம்பெயர்ப்பு என்பது நீண்டநேரம் பூட்டைப் பிடித்திருக்கும் ஒத்திசைவற்ற பணி. அது நடக்கையில் பல ஆணைகள் மறுக்கப்படும், சில மட்டுமே அனுமதிக்கப்படும். எறும்புக்கு இது தெரியாது. ஆய்வேட்டை மதிப்பிட்டவருக்கும் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

விளைவு ஒரு சாதியமைப்பை ஒத்த பிரிவினை. நிரலைப் படிக்க உரிமை பெற்றோர் ஒரு புறம். பொத்தானை அழுத்த மட்டும் அனுமதி பெற்றோர் மறுபுறம். மென்பொருளோ திறந்த மூலம். லிப்வர்ட், கியூஎமு, லினக்ஸ் மூன்றின் ஒவ்வொரு வரியும் எவருக்கும் கிடைக்கும். பிழைநீக்கத் தகவல் தொகுப்புகளும் இலவசம். சட்டம் தடுக்கவில்லை, விலை தடுக்கவில்லை. தங்கவயலிலிருந்து ரயிலேறும் இளைஞர் ஒருவர் இந்த இரண்டாம் புறத்திலேயே பணிக்காலம் முழுதும் நின்றுவிடுவதற்குத் திறமைக்குறைவு காரணமன்று. திறந்த கதவைத் திறந்திருக்கிறது என்று வகுப்பில் எவரும் சொல்லாததே காரணம்.

தொழில்துறையினரின் மறுப்பு ஒன்று உண்டு; அதற்கு வலுவும் உண்டு. வாடிக்கையாளரின் சேவை நின்றிருக்கும்போது தடம் எடுக்க நேரம் ஏது என்பர். மருத்துவமனையின் கணினியோ வங்கியின் கணினியோ அந்தச் சர்வரில் இருந்தால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு என்பதும் உண்மை. ஆனால் ஜிகோர் என்னும் கருவி, ஓடும் சேவையைச் சற்றே நிறுத்தி, அதன் நினைவகப் படிமத்தைக் கோப்பாக எழுதிவிட்டு விட்டுவிடும். அதன்பின் ரீஸ்டார்ட் செய்யத் தடையில்லை. ஆராய்ச்சி மறுநாள் பகலில் நடக்கலாம். சேவையின் படிமம், பதிவேட்டின் கடைசிப் பகுதி, உட்கருவின் செய்திகள், 'டி' நிலையில் உள்ள செயல்முறைகளின் பட்டியல். இந்நான்கையும் எடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி, ரீஸ்டார்ட்டுக்கு முன் தானாக ஓடும்படி வைப்பது ஒரு பிற்பகல் வேலை. படிமத்தில் கடவுச்சொற்கள் இருக்கக்கூடும் என்பதால் அதைப் பூட்டிவைக்கவேண்டும் என்ற எச்சரிக்கை நியாயமானது. எடுக்கவே கூடாது என்பதற்கு அது சாக்காகாது.

அப்படிமத்துக்கு ஆங்கிலத்தில் டம்ப் என்று பெயர். தங்கவயலில் டம்ப் என்றால் சயனைடு மேடுகள். தாதுவை அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மலையாக நிற்கிறது. காற்றடித்தால் வீடுகளுக்குள் தூசாய் வந்து படிகிறது. அம்மேடுகளில் எஞ்சியுள்ள பொன்னை மீட்பது பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. கொட்டிய இடம் தெரியும் என்பதால்தான் அப்பேச்சாவது நடக்கிறது.

பாடத்திட்டக் குழுக்களிடம் பெரிய புரட்சி எதுவும் கேட்கவேண்டியதில்லை. வங்கியாளர் வழிமுறை இருந்துவிட்டுப் போகட்டும். ஆய்வகத்தில் ஒரே ஒரு பிற்பகல், இரு முனையங்கள், ஒரு 'ஸ்டாப்' சிக்னல். தேர்வில் ஒரே ஒரு வினா: லிப்வர்ட் பதிவேட்டின் அந்த ஒற்றை வரியை அச்சிட்டுக் கொடுத்து, பூட்டைப் பிடித்திருப்பவர் யார், எத்தனை நொடியாக, அடுத்து எந்தச் செயல்முறைக்குள் பார்க்கவேண்டும் என்று கேட்கட்டும். ஐந்து மதிப்பெண் போதும்.